மிச்சக் கரைசல்

பிளஸ் டூ பெண்கள் அந்தச் சோதனைக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள். சில்வர் நைட்ரேட்டில் அம்மோனியா விட்டு, குளூக்கோஸ் கலந்து, குழாயை வெந்நீரில் நிறுத்தினால் சற்று நேரத்தில் உள்பக்கம் வெள்ளி படிந்து கண்ணாடியாகிவிடும். ரேணுகாம்பாள் டீச்சர் அதைக் கைக்குக் கை அனுப்புவாள்.

"ஏய், உன் மூக்கு பூசணிக்கா மாதிரி கீதுடி!"

கடைசியாகக் குழாய் லேப் அட்டெண்டர் பச்சையம்மாளிடம் வரும். அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டுதான் அவள் கழுவப் போடுவாள்.

எண்பத்திரண்டு கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. பினாலும் பார்மலினும் சேர்த்துப் பிளாஸ்டிக் செய்வதையும் அன்றே காட்டியிருந்தாள் டீச்சர். அது ரோஸ் நிறத்தில் பீக்கருக்குள்ளேயே இறுகிப்போயிற்று.

"பால்கோவா கிண்டிட்டீங்க டீச்சர். இத்த எதால தோண்டறது?" என்று சுரண்டிக்கொண்டே பச்சையம்மாள் கேட்டாள். "அந்த வெள்ளித் தண்ணி அர பாட்டில் மிச்சம் கீது. ஊத்திடட்டுங்களா?"

எப்போதும் அன்றைக்கே ஊற்றிவிடுவதுதான் வழக்கம். வைத்திருந்தால் வெடிக்கும் என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. ஆனால் திங்கட்கிழமை வேலூரிலிருந்து இன்ஸ்பெக்ஷன். ஜூனில் எழுதிக் கேட்ட சில்வர் நைட்ரேட் இன்னும் வரவில்லை. அலமாரி பாட்டிலில் சிட்டிகைகூட இல்லை.

"வேணாம், மூடி வையி. திங்கக்கெழம ஆவும்" என்றாள் ரேணுகாம்பாள்.

திங்கட்கிழமை காலை பச்சையம்மாள் அதை அலமாரியிலிருந்து எடுத்தாள். சத்தம் தெருவரை கேட்டது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

வேலூர் அலுவலகம் எழுத்தில் விளக்கம் கேட்டது. பள்ளி கிளார்க் சகாதேவன் ரேணுகாம்பாளிடம் விவரம் சொன்னார்.

"டீச்சர் சொல்லி செஞ்சதுன்னா நஷ்டஈடு உண்டும்மா, அந்தம்மா பொண்ணுக்குப் பின்னால வேலையும் குடுப்பாங்க. ஆனா டீச்சருக்கு சஸ்பென்ஷன்தான். அந்தம்மாவே செஞ்சதுன்னா கவனக்குறைவுன்னு மூடிடுவாங்க. அதுங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது."

உண்மையை எழுதிவிடுவது என்ற முடிவோடுதான் அன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பச்சையம்மாளின் கண்கட்டுக்கு மேலே, நெற்றியில், யாரோ வைத்த பொட்டு கோணலாக இருந்தது.

"டீச்சரா? பவுடர் வாசனையிலியே தெரிஞ்சுது. பெரிய டீச்சர் வந்தாங்க. நானாதான் எடுத்து வெச்சேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்டி சொன்ன?"

"என் கண்ணு போனது போனதுதான். ஒங்க வேலயும் எதுக்குப் போவணும்? நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒரு வழி காட்ட நீங்களாச்சும் இருக்கணுமில்ல?"

நஷ்டஈட்டைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை என்று ரேணுகாம்பாளுக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் நர்ஸ் மருந்தோடு வந்தாள். அவள் போன பிறகும் ரேணுகாம்பாள் சொல்லவில்லை. ஆரஞ்சை உரித்து, ஒவ்வொரு சுளையாகப் பச்சையம்மாளின் கையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் விளக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: 'கரைசல் சேமிக்கப்பட்டது எனக்குத் தெரியாது.'

மூன்று வருஷம் கழித்து ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனபோது அடி அண்ணாமலையில் அவளைப் பார்த்தாள். பச்சையம்மாள் கற்பூரக் கட்டிகளைத் தடவித் தடவிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், பத்தாவதோடு படிப்பை விட்ட மகள் பொன்னி சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் நடையை எட்டிப் போட்டாள். அதற்குள் பொன்னி, "டீச்சர் போறாங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

"வாங்க டீச்சர்! இந்த வருஷம் கண்ணாடி நல்லா வந்துச்சுங்களா?"

விபத்துக்குப் பிறகு அந்தச் சோதனையை ரேணுகாம்பாள் செய்யவேயில்லை.

"வந்துச்சு, பச்சையம்மா."

"பொண்ணுங்க சிரிச்சிதுங்களா?"

"சிரிச்சாங்க."

பச்சையம்மாள் ஒரு பொட்டலத்தை மடித்து அவள் பக்கமாக நீட்டினாள். கை சற்றுத் தள்ளிப் போயிற்று. ரேணுகாம்பாள் நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டாள்.

"மிச்சத்த ஊத்திட்டீங்க இல்ல?"