காற்றில் விழுந்த அடி

படகோட்டி அடி படாமலே விழுந்தான்.

எதிராளியின் குத்துக்கும் அவன் மார்புக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. குத்து காற்றில்தான் போனது. ஆனாலும் படகோட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். தலைக்கு மேலே இருந்த உயிர்ப்பட்டை ஒரு துண்டு குறைந்தது. எல்லாத் தடவையும் இப்படி நடந்தால் காரணத்தைப் பிடித்துவிடலாம். சில தடவை மட்டும் நடந்ததுதான் தொல்லை. சின்னவள் அதே சண்டையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள்.

சண்டை விளையாட்டில் கை உடம்பைத் தொடுவது நமக்குத்தான் தெரியும், கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை பெட்டிகள். அடிக்கிற கையில் ஒரு சிவப்புப் பெட்டி, அடி வாங்கும் உடம்பில் மஞ்சள் பெட்டிகள். சிவப்பு மஞ்சளைத் தொட்டால் அடி, தொடாவிட்டால் இல்லை. ஆடுகிறவர் கண்ணுக்கு இவை தெரியாது. செய்கிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் வந்து நிற்கும். சின்னவள் அழுத்திப் பார்த்தாள். சிவப்பு மஞ்சளைத் தொடவே இல்லை. ஆனாலும் அவன் விழுந்தான்.

சின்னவள் வேலை பார்த்த நிறுவனம் பல வருடங்களாகச் சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்துவந்தது. இப்போது அவற்றின் ஆட்களையெல்லாம் ஒரே மேடையில் இறக்கி மோதவிடும் விளையாட்டு தயாராகிக்கொண்டிருந்தது. பூட்டுத் திருடி வந்துவிட்டாள். மல்லன் வந்துவிட்டான். ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு இரண்டு பேர் போட்டி: நாலு கையிலும் கத்தரிக்கோல் பிடித்த இயந்திரத் தையல்காரன் ஒருவன், படகோட்டி இன்னொருவன்.

படகோட்டியை உருவாக்கியது சின்னவளின் அக்கா. இருவரும் இங்கேதான் வேலை பார்த்தார்கள். பெரியவள், சின்னவள் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். கணவருக்கு வேலை மாற்றலாகி அக்கா வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். அவள் மேசையில் இப்போது பிரின்டர் உட்கார்ந்திருக்கிறது. பெரியவள் இல்லாமல் சின்னவள் மட்டும் சின்னவளாகவே மிஞ்சினாள். படகோட்டியின் குரலும் அக்காவுடையதுதான். அதையே கொஞ்சம் கனமாக்கி ஆண்குரலாக்கியிருந்தார்கள். "மெதுவா, மெதுவா. நான் இருக்கேன்" என்பான். எவ்வளவு கனமாக்கினாலும் 'மெதுவா'வில் அக்கா ஒளிந்திருப்பது சின்னவளுக்குக் கேட்கும். அவன் உள்ளே வராவிட்டால் பழைய கோப்புகளோடு அந்தக் குரலும் பெட்டிக்குள் போய்விடும்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் இதே விவாதம்தான். நிரல் எழுதுகிறவனுக்குக் கொசு என்று பெயர். காதோரம் வந்து நச்சரிப்பான். அவன் தையல்காரன் கட்சி. குழந்தைகளுக்குப் பிடித்தவன், பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிகிறவன், நாலு கை வேறு என்று அடுக்கினான். பிடித்திருப்பது ஒரு தகுதியா என்று சின்னவள் கேட்டாள். மேடைக்கு வருகிறவன் மற்ற யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும், தையல்காரன் செய்வதெல்லாம் மல்லன் செய்வதுதான், என்ன, இரண்டு மடங்கு கையோடு செய்கிறான் என்றாள்.

"உன் ஆளு அவன் விளையாட்டுல ஒருத்தனையாவது அடிச்சிருக்கானா? ஆளை ஏத்துவான், அக்கரையில இறக்குவான். சண்டைக்கு எதுக்கு வர்றான், டிக்கெட் கிழிக்கவா?" என்றான் கொசு.

முதலாளி தட்டிலிருந்து நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக் காலை அட்டைப்படம் வரைகிறவரிடம் ஆட்களைச் சொல்லியாக வேண்டும். "ஜெயிக்கணும்னு நான் சொல்லலம்மா. நியாயமா தோக்கணும். காத்துல அடி வாங்கிட்டு விழற ஆளை நான் எப்படி மேடை ஏத்துறது?" என்றார்.

மேசைக்குத் திரும்பிய சின்னவள் இந்த முறை படகோட்டியை விட்டுவிட்டு எதிராளியைப் பார்த்தாள். எதிராளி நின்றபடியே சண்டையைத் தொடங்கினால் ஒன்றும் ஆவதில்லை. அவன் ஒரு தடவை தரையில் விழுந்து, எழுந்துகொண்டே குத்தினால் மட்டும்தான் காற்றில் அடி விழுகிறது. ஆனால் நிரலில் எங்கும் அப்படி ஒரு விதி இல்லை. கொசுவும் வந்து குடைந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

இனி அக்காவைத்தான் கேட்க வேண்டும். அங்கே அப்போது விடிந்திருக்கும், வேலைக்குக் கிளம்பியிருப்பாள். கொஞ்ச காலமாக அவர்கள் பேச்சு தேய்ந்துவிட்டிருந்தது. சாப்பிட்டியா, அங்க குளிரா, சரி வைக்கட்டுமா. சண்டை எதுவும் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். இன்றைக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்ததில் சின்னவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். படிக்கட்டுப் பக்கம் போய் நின்று கூப்பிட்டாள்.

பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல் வந்தது. "என்னடி இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

சின்னவள் விஷயத்தைச் சொன்னாள்.  அக்கா சிரித்தாள்.

"விழுந்தவன் தலை அவன் இடுப்புக்குக் கீழ தெரியுதா?"

"ஆமா, தரையில கிடக்கும்போது தெரியும்."

"அப்ப கை நீட்டுவான். தண்ணியில யாராவது விழுந்தா தூக்கி விடணும்ல? அதுக்குத்தான்."

"எந்தக் கோப்புலயும் இல்லையேக்கா. எங்க எழுதின?"

"எழுதினா கொசு மாதிரி யாராவது வந்து வெட்டிடுவாங்கன்னு எலும்போட கட்டிட்டேன். கழட்ட முடியாது."

சின்னவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. படகோட்டியைப் புது விளையாட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் அசைவுகளையெல்லாம் தாங்கும் பழைய எலும்புக்கூட்டை அப்படியே எடுத்து, மேலே முஷ்டி மடக்கி நிற்கும் புதுத் தோற்றத்தைப் போர்த்தியிருந்தார்கள். தண்ணீரில் விழுந்தவர் தொட்டுப் பிடிக்கப் பழைய கைக்கு ஒரு பழைய பெட்டி இருந்தது; புது விளையாட்டு அதையும் மஞ்சளாகவே எடுத்துக்கொண்டது. புதுப் பெட்டிகளை மட்டும் காட்டும் பொத்தானுக்கு அது தெரியவில்லை. எதிராளி விழுந்த ஒவ்வொரு தடவையும் படகோட்டி உள்ளுக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். எழுந்தவன் அந்தக் கையில்தான் குத்தியிருக்கிறான்.

சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அக்கா முன்னால் போவாள். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டியிருப்பாள், சின்னவள் வந்து பிடிக்கும்வரை. இதைச் சொல்லலாமா என்று சின்னவள் யோசித்தாள்.

"என் ஸ்டாப் வந்துடுச்சுடி," என்றாள் அக்கா. "அவனை உள்ள சேத்துடுவீங்களா?"

"தெரியலக்கா."

"அந்தக் கையை மட்டும் வெட்டிடாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கொசுவுக்கோ காரணம் தெரிந்ததும் உற்சாகம் தாங்கவில்லை. பழைய எலும்புக்கூட்டை எடுத்துவிட்டு மல்லனுடையதை மாட்டினால் சீக்கிரமே முடிந்துவிடும் என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனால் மாட்டினால் படகோட்டி இன்னொரு மல்லன். மற்ற யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவள் மத்தியானம் பேசியது அவளுக்கு எதிராகவே திரும்பிவிடும். தையல்காரன் நாலு கையையும் ஆட்டிக்கொண்டு உள்ளே வருவான்.

"டேய், வெட்ட வேணாம். காட்டிடலாம்," என்றாள் சின்னவள்.

"எதை?"

"கையை."

மறுநாள் அட்டைப்படக்காரர் வருவதற்கு முன்னால் முதலாளி சின்னவளின் நாற்காலியில் உட்கார்ந்து தையல்காரனை எடுத்துக்கொண்டார். படகோட்டி கொசுவின் கையில். முதலாளி விழுந்து எழும்போது ஒரு தடவை நீட்டிய கையை உதைத்தார், ஒரு தடவை பிடிபட்டுப் பறந்தார், மூன்றாம் ஆட்டத்தில் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசித்தே தோற்றார். "இது என்னம்மா, அடிக்கிறானா உதவி பண்றானான்னே புரியல" என்றார். பிறகு, "இவனையே போடு" என்று எழுந்துகொண்டார். தையல்காரனுக்கு அடுத்த விளையாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கொசு தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டான்.

சின்னவள் படகோட்டியின் விளக்கத்தைத் தட்டச்சு செய்தாள். அதையே அக்காவுக்கும் அனுப்பினாள்:

எதிராளி விழுந்தால் படகோட்டி கை நீட்டுவான். அந்தக் கை திரையில் தெரியும். எழுந்துகொண்டே உதைத்தால் கைக்கு அடி விழும். குத்தினால் மணிக்கட்டு பிடிபடும். படகோட்டி அவனைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் இறக்குவான். இரண்டும் செய்யாவிட்டால், எதிராளி எழுந்து நிற்கும்வரை கை நீண்டபடியே இருக்கும்.