மேலிருந்து வந்த குரல்

கெலாங் பாத்தாவில் இரண்டாவது கடை திறந்த பிறகு, தொலைவில் பண்டார் தெங்காராவில் இருந்த முறுக்குப் பட்டறையைச் சுகந்தி கைப்பேசியிலேயே நடத்தினாள். அங்கே சீலிங்கில் மாட்டிய கேமராவில் எல்லோரையும் பார்க்கலாம், பேசவும் செய்யலாம்.

ஒருநாள் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். முதல் முறுக்கிலிருந்து கூடவே நின்றவள்.

“என்னக்கா, வேல இல்லையா?” எல்லோர் முன்னாலும் சுகந்தியின் குரல் மேலிருந்து விழுந்தது.

மறுநாளிலிருந்து அஞ்சலை வரவில்லை. சுகந்தி அவள் வீட்டுக்கே போனாள்.

“கால் வலியாமே. சொல்லியிருக்கலாம்லக்கா.”

“யார்கிட்டம்மா? சீலிங்கிட்டயா?”

“தப்புதான்க்கா. வந்துருங்க.”

“நேர்ல வந்தியே, அதுவே சந்தோசம். வேலைக்கு வேற ஆளப் பாரும்மா.”

காரில் ஏறியதும் சுகந்தி பழக்கத்தில் கைப்பேசியைத் திறந்தாள். அஞ்சலை நிற்கும் அடுப்படி காலியாக இருந்தது.