பெரியவள் மெத்தையோடு வந்தாள்

வீட்டை மாற்றலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் அவளுக்கும் அவள் கணவருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

சின்னவன் வெளியூருக்குப் படிக்கப் போன மறுவாரம், மூன்று அறைகளையும் பெருக்கித் துடைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு" என்று அவள் அலுத்துக்கொண்டது உண்மைதான். அது வெறும் அலுப்பு. ஆனால் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கோளாறு காதில் விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்யாமல் அவரால் உட்கார முடியாது. பத்தே நாளில், தான் வேலை பார்க்கும் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில், ஒரு படுக்கையறையும் ஒரு கூடமுமாக வீடு காலியாக இருப்பதாக வந்து சொன்னார். அவருக்குப் பிடித்துவிட்டது போல என்று நினைத்து அவள் "சரி" என்றாள். அவள் சரி என்றதும் அவர் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்த வீடு. வீட்டுக்காரர் அந்த வாரமே வேறு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

கணவர் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் வாங்கி வந்தார். எடுத்துப் போவதற்குப் பச்சை, யாருக்காவது கொடுப்பதற்கு மஞ்சள், குப்பைக்குச் சிவப்பு.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாள் முழுக்க லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருக்கா" என்று கேட்பாள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று திணறுகிறவர்களிடம் பொறுமையாக மறுபடியும் கேட்பாள். வீட்டுக்கு வந்து சாமான்களுக்கு முன்னால் நின்றால் அவளுக்கும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜைக்குக் காலையில் பச்சை ஒட்டுவாள், சாயங்காலம் அதைக் கிழித்து மஞ்சள் ஒட்டுவாள், படுக்கப் போகும்முன் மறுபடி பச்சை.

"இது மேஜையா பச்சோந்தியா?" என்றார் கணவர்.

பிள்ளைகளிடம் கேட்டுவிடலாம் என்று போன் செய்தாள். சின்னவன், "எல்லாத்தையும் தள்ளி விட்டுடும்மா. என் கிரிக்கெட் பேட், கப்பு எல்லாம் சேர்த்துத்தான்" என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. பெரியவள், "என் ரூம்ல மட்டும் கை வைக்காதம்மா. நானே வந்து பாத்துக்கறேன்" என்றாள். அதைக் கேட்டும் எரிச்சல்தான் வந்தது. பிள்ளைகள் என்ன சொல்லியிருந்தால் திருப்தியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

வீடு மாற ஐந்து நாள் இருக்கும்போது பெரியவள் வந்தாள். நாலு வருடமாக வேறு ஊரில் வேலை பார்ப்பவள். கையில் இரண்டு பெட்டி, ஆட்டோவில் சுருட்டிக் கட்டிய மெத்தை ஒன்று. சாமான் பிரிக்க வருகிறவள் எதற்கு மெத்தையோடு வருகிறாள் என்று அம்மாவுக்கு வாசலிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது.

"வேலையை விட்டுட்டேன்மா. ரூமையும் காலி பண்ணிட்டேன். கொஞ்ச நாள் இங்க இருக்கேன்."

"எங்க?"

வாய் தவறி வந்த சொல். பெரியவள் அம்மாவையே பார்த்தாள். "எங்கன்னா? வீட்டுலதான்."

பெரியவளின் அறையில் எதையும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. கட்டிலில் மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. பக்கத்து வீட்டு நர்ஸுக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது. பெரியவள் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தாள். அந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள்.

சமையலறையில் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பொண்ணு வந்துட்டா. வீட்டுக்காரர் கையில கால்ல விழுந்து பேசாம இங்கயே இருந்துடலாமா?"

"போகணும்னு ஆசைப்பட்டதே நீங்கதானே?"

"நானா? இடுப்பு வலிக்குதுன்னு நீ சொன்ன. உனக்காகத்தானே தேடினேன்."

"உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னுதானே நான் சரின்னேன்."

"எனக்கு எப்படிப் பிடிக்கும்? அந்த லிஃப்ட் மாசம் ரெண்டு தடவை நடு வழியில நிக்கும். அதை ரிப்பேர் பண்றவனே நான்தான்."

சிரிப்பதா சண்டை போடுவதா என்று இருவருக்குமே தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததால் அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

மறுநாள் காலை, குடிவரப் போகிறவர்கள் ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தார்கள். மூன்று குழந்தைகள். கடைக்குட்டி நேராகப் பெரியவளின் அறைக்குள் ஓடி, "இது என்னோட ரூம்" என்றது. பெரியவள் கட்டிலிலிருந்து எழுந்து வழிவிட்டு நின்றாள். அந்த அளவு நாடாவைப் பார்த்தபோது அம்மாவின் நெஞ்சு கனத்திருக்க வேண்டும். மாறாக, அப்பாடா என்று இருந்தது. இனி திரும்ப முடியாது என்பதில் ஒரு நிம்மதி. பெற்ற மகள் வந்து நிற்கும்போது இப்படி ஒரு நிம்மதியா என்று தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

குடிபோனார்கள். மூன்று பேர், ஒரு படுக்கையறை, கூடத்தை அடைத்துக்கொண்டு ஆறு பேர் மேஜை. கூடத்தில் மெத்தையை விரித்தால் குளியலறைக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டும். காலையில் அப்பா கால் இடறி மெத்தையிலேயே விழுவது வழக்கமாகிவிட்டது. பெரியவள் நகர்ந்து இடம் கொடுப்பாள்.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "அம்மா, நான் வந்தது உனக்குப் பிடிக்கலையா?"

இல்லடி, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல அம்மா வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "தெரியல. நீ போனப்போ அழுதேன். ரொம்ப நாள் ஆச்சு சரியாக. சரியானதும் நீ வந்து நிக்கற. சந்தோஷமா இருக்கணும்னு தெரியுது. ஆனா எங்க போய்த் தேடறதுன்னு தெரியல."

சொல்லிவிட்டுப் பயந்துபோனாள். பெரியவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எனக்கும் வேலையை ஏன் விட்டேன்னு தெரியல. எல்லாரும் கேக்கறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொண்ணு சொல்றேன்."

"எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையே."

"உங்ககிட்ட புளுக வரலை."

அதற்குப் பிறகு அவர்களுக்குள் எதுவும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் பெரியவள் அம்மா முன்னால் போனை மறைத்துவைத்துக்கொண்டு வேலை தேடுவதை நிறுத்தி, வெளிப்படையாகவே தேடினாள். இரண்டு மாதத்தில் உள்ளூரிலேயே ஒரு வேலை கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்துக்கொண்டாள். போகும்போது, "குக்கரை எடுத்துக்கவாம்மா?" என்றாள். அம்மா யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

மாலையில் கணவனும் மனைவியும் குக்கர் வாங்கப் போனார்கள். கடைக்காரப் பெண் மூன்று லிட்டரும் ஐந்து லிட்டரும் எடுத்து வைத்து, "வீட்டுல எத்தனை பேரும்மா?" என்று கேட்டாள்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மூன்று லிட்டர் குக்கரின் மூடியைத் திறந்து, பூட்டி, திறந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு பேர்தான்" என்றாள் அவள். சற்று நின்று, "பொண்ணு பக்கத்துலதான் இருக்கா, எப்ப வருவான்னு சொல்ல முடியாது" என்றாள்.

"அப்போ எதும்மா போடட்டும்?"

பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் ஐந்து லிட்டரைச் சுட்டிக்காட்டினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றே வாங்கியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.