எல்லைக்கு இந்தப் பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்திரண்டு வருஷம் உழைத்து ஓய்ந்தவர் அவர். மனைவி போன பிறகு, "தனியா கிடந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று மகள் அவரை எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது. விற்க மனசு வரவில்லை.

மாதம் ஒருமுறை டாக்டரம்மா வீடியோவில் வந்து, படபடப்புக்கு மருந்து எழுதுவார். எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்.

"ஐயா, இப்ப எங்க இருக்கீங்க?"

மகள் வீட்டுக்குப் போன முதல் மாதம், "வீட்லதான்" என்று சமாளித்தார். அடுத்த மாதம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மக வீட்ல, டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த நாட்டுல மாநிலத்துக்கு மாநிலம் டாக்டர் லைசென்ஸ் தனி. என்னோடது நம்ம மாநிலத்துக்கு மட்டும்தான். நீங்க அந்தப் பக்கம் இருக்கறப்ப நான் மருந்து எழுதக் கூடாது. சட்டம் அப்படி. கையில மாத்திரை இருக்கா?"

"பத்து நாளைக்கு இருக்கு."

"அங்க நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு. உங்க ஃபைலை அனுப்பட்டுமா?"

"நான் நம்ம வீட்டுக்கு வந்து, அங்கிருந்து பேசினா?"

"தாராளமா பாக்கலாம்."

மகளிடம் சட்டத்தை மட்டும் சொன்னார். அந்த இன்னொரு டாக்டரைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இதென்னப்பா கூத்து! ஒரு வீடியோ காலுக்கு மூணு மணி நேரம் பஸ்ஸா?"

"நான் என்னம்மா பண்றது? சட்டம்!"

மறுவாரம் காலை பஸ் பிடித்தார். வீட்டைத் திறந்ததும் அடைபட்ட வாடை முகத்தில் அடித்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். 'டீத்தூள்' என்று மனைவி சீட்டு ஒட்டிய டப்பாவுக்குள் ஸ்க்ரூக்கள். அவர் கண்ட இடத்தில் போட்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

போன் அடித்தது. டாக்டர் வழக்கம்போல இடத்தைக் கேட்டார். இவர் கதவு எண், மாடி, தெரு என்று ஒவ்வொன்றாக, ஆசையோடு நிறுத்திச் சொன்னார். டாக்டர் மருந்து எழுதினார்.

"அந்த டாக்டருக்கு ஃபைல்..."

"கொஞ்ச நாள் போகட்டுமே, டாக்டர்."

அவர் கண்களைப் பார்த்த டாக்டர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

மாலையில் மகளைக் கூப்பிட்டார். "ரெண்டு நாள் இருந்துட்டு வரேம்மா."

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார்.

"அடுத்த மாசம் நானும் வரேன்ப்பா," என்றாள். "அம்மா ரூமுக்குள்ள போக எனக்குத் தைரியமே வரல. உங்ககூடன்னா போயிடுவேன்."