கண்ணுக்குச் சூடு

எங்க வூட்டுக்காரர் முனிராஜ், தர்மபுரிக்கும் ஏரியூருக்கும் ஓடுற தனியார் பஸ்ஸுல டிரைவரு. பத்தொன்பது வருசத்துல ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட ஏத்தினது இல்ல. அந்த மனுசனுக்கு மாசி மாசத்துல இருந்து கண்ணு எரிய ஆரம்பிச்சுது. மண்ணள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். எதிர்க்காத்து பட்டா பொலபொலன்னு தண்ணி கொட்டும். முன்சீட்டுல வந்த பொம்பளைங்க, டிரைவரு அழுதுகிட்டே ஓட்டுறாரு, பொண்டாட்டி என்ன பாடு படுத்துறாளோன்னு பேசிக்கிட்டாங்களாம். யாருன்னு தெரிஞ்சிருந்தா நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கண்ணு எரிஞ்சா ஒடம்பு சூடுதானே? இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருக்கற ஆளுக்குச் சூடு ஏறாம என்ன ஆவும்? நானே வைத்தியத்துல எறங்கிட்டேன். சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேச்சுவுட்டேன். ஊறவச்ச வெந்தயம், மோரு, உள்ளங்கால்ல வெளக்கெண்ணெய், ஒண்ணையும் வுடல. ஐஸ் தண்ணியில துணிய நனைச்சுக் கண்ணு மேல போட்டேன். போட்ட வரைக்கும் சொகமா இருக்கும், மறுநாள் காலையில இமை ரெண்டும் ஒட்டிக்கிட்டுத் தெறக்காது. நான் இன்னும் ரெண்டு ஐஸ்கட்டி சேத்துப் போட்டேன். என் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும்.

சித்திரையில ஒருநாள், பென்னாகரம் தாண்டி ஒரு வளைவுல, எதிர்ல வந்த டிராக்டரு அவருக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுதாம். பிரேக்க மிதிச்சு நிறுத்திட்டாரு, யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா கண்ணச் சரி பண்ணிக்கிட்டு வர்ற வரைக்கும் ஸ்டேரிங்கத் தொட வேணாம்னு மொதலாளி சொல்லிட்டாரு. அன்னையில இருந்து மனுசன் சரியா சாப்புடல, பேசல.

தர்மபுரியில ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா இமைய மடிச்சுப் பாத்தாங்க. பேச்சு வேகம், அதுல பாதி இங்கிலீசு. என்னவோ எழுதிக் குடுத்தாங்க. வெளிய சீட்டு பாக்கற பொண்ணு ஹீனா அத வாங்கிப் படிச்சுட்டுச் சொல்லிச்சு: "வெள்ளிக்கிழமை வாங்கண்ணா. கண்ணுக்குச் சூடு வைக்கணும்."

அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. சின்ன வயசுல மஞ்சக்காமாலைக்குன்னு அவருக்குக் கையில கம்பியக் காச்சிச் சூடு வச்சிருக்காங்க. நாலு பேரு அமுக்கிப் புடிச்சுக்கிட்டாங்களாம். தழும்பு இன்னும் இருக்கு. ஏதாச்சும் கேட்டா நம்மளப் பட்டிக்காடுன்னு நெனப்பாங்களேன்னு வாய மூடிக்கிட்டு வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில ஆளக் காணோம். போனையும் எடுக்கல. தேடிப் போனா, ஷெட்டுல நிறுத்தி வச்சிருந்த வண்டியில, டிரைவர் சீட்டுல உக்காந்திருக்காரு. "குருடாக்கூட இருந்துக்கறேன் சோபனா. கண்ணுல சூடு மட்டும் வேணாம்"னாரு. அவரு அப்படிக் கெஞ்சி நான் பாத்ததே இல்ல. கம்பியக் கையில எடுத்தா எடுக்கற கைய நான் ஒடிச்சுடறேன், நீங்க நடங்கன்னு இழுத்துக்கிட்டுப் போனேன்.

நேரா டாக்டரம்மா முன்னால போயி, என் புருசன் கண்ணுல கம்பி வைக்கறதுக்கா படிச்சீங்கன்னு சண்டைக்கு நின்னேன். அந்தம்மா ஒரு நிமிசம் முழிச்சாங்க. புரிஞ்சதும் சிரிக்கல, அதுக்கே அவங்களுக்குப் புண்ணியம். எங்கள உக்கார வச்சுப் பொறுமையா சொன்னாங்க. இமை ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன சுரப்பி இருக்காம். அதுல கசியற எண்ணெய்தான் கண்ணீரு காயாமப் பாத்துக்குமாம். எண்ணெய் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா கண்ணு காஞ்சு போவுமாம், காஞ்ச எரிச்சல்லதான் அவ்வளவு தண்ணி கொட்டுதாம்.

"பனிக்காலத்துல தேங்காயெண்ணெய் உறைஞ்சா என்ன பண்ணுவீங்க?"ன்னாங்க.

"வெயில்ல வைப்பேன்"னு சொல்லும்போதே ஐஸ்கட்டி ஞாபகம் வந்து தலையில அடிச்சுக்கிட்டேன். அட, ஒத்தடம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஏன் இந்தப் பாடு படறோம்? சத்தம் கேட்டு உள்ள வந்த ஹீனா நாக்கக் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

மூடுன கண்ணு மேல இளஞ்சூடா ஒரு பட்டையக் கட்டுனாங்க. மொதல்ல என் கைய நொறுங்கறாப்புல புடிச்சிருந்தாரு. பத்து நிமிசம் ஆவறதுக்குள்ள குறட்டை வந்துருச்சு. அப்புறம் மரத்துப்போற சொட்டு மருந்து வுட்டு இமைய அழுத்துனாங்க. டூத் பேஸ்ட் மாதிரி கெட்டியா வெளிய வந்துச்சு. பார்வைக்கு ஒரு கொறையும் இல்ல, வூட்டுல தெனம் ரெண்டு வேளை ஒத்தடம் குடுங்க, வுட்டா திரும்ப அடைச்சுக்கும்னாங்க.

"பஸ் ஓட்டலாமுங்களா?"ன்னு அது ஒண்ணுதான் அவரு கேட்டாரு.

பாத்துட்டுச் சொல்றேன்னு பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொன்னாங்க. போனோம். எரிச்சல் முக்காவாசி போயிருந்துச்சு, எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிச்சாரு. ஓட்டலாம்னு மொதலாளிக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

வெளிய வந்து டீ வாங்குனோம். அவரு டம்ளரப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"கண்ணு போயிடும்னே நெனச்சுட்டேன் சோபனா. அதான் நீ அடுப்புகிட்ட நிக்கறப்பல்லாம் உன் மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சுக்கிட்டேன், பின்னால ஞாபகத்துல இருக்கட்டும்னு."

டீ ஆறிப் போவுது, குடிங்கன்னேன்.