மீசையில்லாத ராணி

ஏழு வயதில் நான் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். பேச்சுப் போட்டியில் அக்கா பரிசாக வாங்கிய, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட உலக சரித்திரப் புத்தகத்தில், அரசர் அரசி என்று பாகுபாடு பார்க்காமல் பேனாவால் மீசை வைத்தேன். அதை மறைக்கச் செய்தது இரண்டாவது குற்றம்: புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரின் மூட்டைக்குள் செருகிவிட்டேன். அன்று பேப்பரை எடைக்குப் போட்டது அம்மா என்பதால், பழி அம்மா தலையில் விழுந்தது. பன்னிரண்டு வருடமாக அம்மா மறுக்கிறாள், அக்கா நம்ப மறுக்கிறாள்.

வரும் திங்கட்கிழமை அக்கா சரித்திர ஆசிரியையாக வேலைக்குச் சேர்கிறாள். சனிக்கிழமை, பழைய புத்தகக் கடையில் மாதிரி வினாத்தாள் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகத்தின் சிவப்பு முதுகைப் பார்த்தேன். என் உயரத்துக்கு நின்ற அடுக்கின் அடியில். அக்கா ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒற்றை இறக்கையோடு இருந்தது.

"அண்ணே, அடியில இருக்கே, அது வேணும்."

கடைக்காரர் நிமிரவில்லை. "அடிப் புத்தகம் விக்கறதில்ல தம்பி. தரையெல்லாம் ஈரம். கீழ தடியா ஒண்ணு கிடந்தாத்தான் மேல இருக்கறது பிழைக்கும்."

"அது எங்க அக்கா புக்குண்ணே."

"இங்க இருக்கறது எல்லாமே யாரோ ஒருத்தரோட அக்கா புக்குதான்."

"வாங்காம போக மாட்டேன்."

"அப்ப அதே தடிமன்ல வேற ஒண்ணு குடு. நீயே இறக்கி, அதே வரிசையில நீயே ஏத்து. எது எங்கன்னு எனக்கு வரிசையிலதான் ஞாபகம்."

என் பையில் புள்ளியியல் பாடநூல் இருந்தது. செவ்வாய்க்கிழமை தேர்வு. எடுத்து நீட்டினேன். விரலால் அளந்தார்.

"பிரிச்சே பாக்கல போலிருக்கே?"

"பத்திரமா வெச்சிருந்தேண்ணே."

எழுபத்து மூன்று புத்தகங்களை இறக்கினேன். சமையல், தையல், மாட்டு வைத்தியம், மறுபடி சமையல். ஒன்றுகூட மாறாமல் ஏற்றினேன். வழியில் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறந்தால் தைரியம் போய்விடும். நேராக அக்கா முன்னால் வைத்தேன்.

"இதைப் பழைய பேப்பருக்கு அம்மா போடல. நான்தான்."

சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "பன்னெண்டு வருஷம்டா!"

அக்கா ஒவ்வொரு மீசையாகப் பார்த்துக்கொண்டே போய், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

"இந்த ராணிக்கு மட்டும் ஏன்டா இல்ல?"

"பயமா இருந்துச்சு. உன்ன மாதிரியே முறைச்சா."

அக்கா அதே மாதிரி முறைத்தாள். பிறகு எழுந்து போய், திங்கட்கிழமைக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பேனாவை எடுத்து வந்து, மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"அரைகுறையா விடாத. முடி."