மூணு போட்டோ, ஒரே லாக்கு

1
"ஆளுக்கு ஒரு லாக்கு வாங்கிக் குடுங்க சார்."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே சுந்தரமூர்த்தி சார் சொல்லியிருந்தார். செல்போன் டவர் ஏற ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். செஞ்சி பஜாரில் ஆபீஸ். நான் அங்கே சேஃப்டி சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள். நேற்று கேட்டேன். அப்போது எங்கள் டவர் ஆள் சேரன் விழுந்து செத்து மூன்று நாள். கதை பிறந்தது அங்கேதான். லேட்டாக.

2
முதலில் எழுதிய தொடக்கம்: 'ராஜகிரி மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த...'

வேண்டாம். செஞ்சிக் கோட்டையைக் காட்டினால் கோட்டையைத்தான் பார்ப்பீர்கள். சேரன் விழுந்த வல்லம் டவரைப் பாருங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிறு நேராகத் தொங்குகிறது. அதில் ஓடும் இரும்புப் பிடிதான் லாக்கு. மார்பு பெல்ட்டில் மாட்டினால் ஏறும்போது கூடவே வரும். கால் வழுக்கினால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும்.

(மூன்று டவர், மூன்று கயிறு, மூன்று பெல்ட். லாக்கு ஒன்று.)

3
லாக்கு மாட்டி போட்டோ அனுப்பி, ஆபீஸில் ஓகே போட்டால்தான் ஏறலாம். போட்டோ எடுத்ததும் லாக்கைக் கழற்றி, பைக்கில் அடுத்த டவருக்கு அனுப்பிவிட்டு, வெறும் பெல்ட்டோடு ஏறுவார்கள்.

"இன்னா மேடம், லாக்கு நல்லா வுழுந்துக்குதா? என் கல்யாணத்துல கூட என்னை இவ்ளோ போட்டோ எடுக்கல," என்பான் சேரன் போனில். நான் சிரிப்பேன்.

(சிரிக்க வைத்துவிட்டுச் சாகடிக்கிறேனே என்று இந்த இடத்தை இரண்டு முறை அடித்தேன். ஆனால் அவன் அப்படித்தான் இருந்தான்.)

4
இந்தக் கதையின் முந்தைய மூன்று பிரதியிலும் இருந்த வாக்கியம்: 'ஆபீஸில் யாரோ ஓகே போட்டார்கள்.'

யாரோ இல்லை. நான். லாக்கில் பச்சை பெயின்ட் தீற்றல் ஒன்று உண்டு. மூன்று போட்டோவிலும் அதே பச்சை. எட்டு மாதமாகத் தெரியும்.

5
ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி மணிமொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனம் அந்தப் போட்டோவ எனக்கும் அனுப்புவாரு மேடம், பயப்படாதன்னு. அன்னிக்கும் மாட்டிக்கினுதான் இருந்தாரு. அப்புறம் எப்டி வுழுந்தாரு?"

நான் சொன்னது:

(இந்த வரியை நிரப்ப முடியவில்லை.)

6
இன்று சார் ஒரு தாளை நீட்டினார். லாக்கு கொடுத்தோம், சேரன் அவராகவே கழற்றிவிட்டார் என்று இருந்தது. ஆதாரம், நான் ஓகே போட்ட போட்டோ.

"கையெழுத்து போடு இளவேனிலு. இல்லன்னா மொதல்ல மாட்டப்போறது நீதான்."

"தெரியும் சார்."

"படிச்ச திமிரு."

"போட்டோவப் பாக்கத்தானே படிச்சவள வெச்சீங்க? பாத்துட்டேன்."

7
கையெழுத்துப் போடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அதில் மணிமொழி ஆயுசுக்கும் செத்த புருஷனையே திட்டிக்கொண்டு...

கிழித்துவிட்டேன்.

சேரன் விழுந்த அன்று வந்த மூன்று போட்டோவையும் என் போனில் ஏற்றிக்கொண்டேன். சார் தந்த தாளின் பின்பக்கம்தான் இதையெல்லாம் எழுதியிருக்கிறேன், என் பெயரோடு. முதலில் மணிமொழி வீடு, அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். அவள் கதவைத் திறப்பாளா என்பதை நான் எழுத மாட்டேன். அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பாருங்கள்.

"எங்கம்மா போற? உக்காரு!" என்று சார் கத்தினார்.

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.